லூப்பின் நூல்

12.7.66, செவ்வாய். திண்டிவனம்.
காலையில் தூறல். நர்ஸுகளுக்கான கருத்தடை லூப் குறிப்பு, இரண்டாம் படி. அடுத்த புதன் விழுப்புரத்தில் அச்சுக்கு.

பத்து மணிக்கு அஞ்சலை. வல்லத்திலிருந்து, மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலைக்குக் களை எடுத்த கையோடு. ஐந்து பிள்ளைகள். கடைசிப் பேற்றில் இரத்தம் நிற்கவில்லை. இன்னொன்று உடம்பு தாங்காது. ஏப்ரலில் கருப்பைக்குள் லூப் வைத்தோம்; அதன் நூல் முனை விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

"நூலு கைக்கு மாட்டலீங்க டாக்டரம்மா. வுழுந்துட்டுதா? நெஞ்சுக்கு ஏறிடும்னு வேற சொல்றாளுங்க."

நெஞ்சுக்கு வழியே இல்லை என்றேன். பார்த்தேன். நூல் இல்லை.

நர்ஸ் கமலா, மெதுவாக: "ஒட்ட வெட்டச் சொல்லி நீங்கதானே எழுதினீங்க?"

முதல் படி, நான்காம் வரி. 'கணவனுக்குத் தட்டுப்படாதபடி ஒட்ட வெட்டுக.' பெண்கள் கேட்டார்கள், எழுதினேன். வரி அழகாக இருந்ததும் ஒரு காரணம்.

மாதவிலக்கு வந்த பிறகுதான் எக்ஸ்ரே. கரு தங்கியிருந்தால்? அதுவரை புருஷனோடு சேராதே என்றேன்.

"வண்டி ஓட்டிக்கினு பாண்டி போயிருக்குது. வந்தா கதவ சாத்திக்கறேன்."

14.7, வியாழன்.
வெயில். வாங்க: மை, தபால் கவர், சீயக்காய். எழுதும் நாவல் நாற்பதாம் பக்கத்திலேயே. அஞ்சலைக்கு இன்று இருபத்தெட்டாம் நாள். என் நாளைக்கூட இப்படி எண்ணியதில்லை.

18.7, திங்கள்.
நல்ல மழை. அஞ்சலை சொட்டச் சொட்ட, வாசலிலிருந்தே: "தூரமாயிட்டேன் டாக்டரம்மா!"

வரிசை முழுக்கச் சிரிப்பு.

"தண்டோரா போடேன்டி," கமலா.

கரு இல்லை. லூப் இருக்கிறதா, அது தெரியவில்லை. ஆனாலும் இரண்டு காபி குடித்தேன்.

20.7, புதன். விழுப்புரம்.
பஸ்ஸில் மூவரும். பாதி வழியில் கமலா கேட்டாள்:

"என்மேல கோவமா டாக்டர்?"

"என்மேல்தான்."

வறுத்த மல்லாட்டையை என் கையில் கொட்டினாள்.

எக்ஸ்ரே. ஈரப் படம், ஜன்னல் வெளிச்சத்தில். இடுப்பெலும்புகளுக்கு நடுவே வெள்ளையாக லூப், வைத்த இடத்திலேயே.

பெஞ்சில் உட்கார்ந்து நான்காம் வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். 'நூல் இரண்டு விரற்கடை இருக்கட்டும். கேட்டாலும் ஒட்ட வெட்டாதீர்கள். மாதாமாதம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் காணாவிட்டால், முதலில் கரு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.' அழகில்லை. சரியாக இருக்கிறது.

அஞ்சலை படத்தை விட்டு நகரவில்லை.

"பாம்புக்குட்டியாட்டம் சுருட்டிக்கினு தூங்குது பாருங்க!"

எடுத்துவிட்டு, நூல் நீளமாக வேறொன்று வைக்கட்டுமா என்றேன்.

"வாணாங்க. தூங்கறத எழுப்பாதீங்க."