பட்டு சுற்றிய கிளிப்புகள்

12-1-1946, சனி

நூல் வராமல் தறி நின்று இரண்டு மாதமாகிறது. இவரும் நானும் வீட்டிலேயே தலைக் கிளிப்பு செய்கிறோம். தகரக் கிளிப்பில் புளியங்கொட்டைப் பசை தடவி, விரலகலப் பட்டுத் துண்டைச் சுற்றி, நுனியில் பூப்போல முடிச்சுப் போட வேண்டும். பட்டுத் துண்டுகளை இவருடைய அண்ணன் திம்மையா வெட்டியே கொண்டுவருகிறார். மதுரை ஜவுளிக்கடைகளில் மிஞ்சிய துண்டுகளாம். துணிக்கு ரேஷன் இருக்கிற காலத்தில் இத்தனை மிச்சமா? கேட்டால் முறைக்கிறார்.

பசை நாற்றம் சோற்றிலும் அடிக்கிறது.

19-1-1946

டீச்சர் கோகிலாம்பாள் பள்ளி விழாவுக்கென்று நாற்பது கிளிப்பு வாங்கிப் போனார்.

23-1-1946

இன்று வந்த துண்டுகளில் பன்னீர் வாசம். ஒன்றில் மஞ்சள் கறை, கழுவியும் போகவில்லை. "கடையில யாராச்சும் சிந்தியிருப்பாக" என்றார் இவர், என்னைப் பார்க்காமலே.

2-2-1946, சனி

எழுதவே கை கூசுகிறது.

எம்.ரெட்டியபட்டி குருவம்மாள் வாராவாரம் சீனியவரைக்காய் கொண்டுவருவாள். இன்று வாசலில் காயப்போட்டிருந்த கிளிப்புகளில் ஒன்றை எடுத்தாள். ரோஜா நிறம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் சேலை, தாயி."

நான் சிரித்தேன். அட பாவி, சிரித்தேன்.

"எலி கடிச்ச எடத்துல மஞ்ச நூலு ஓட்டுனது நாந்தேன். பாரு."

பார்த்தேன். எறும்பு ஊர்வதுபோல் சின்னச் சின்னத் தையல்.

"மார்கழியில எம்மக பேச்சி வாந்திபேதியில போனா. கோடி போட ரேஷன்ல துணி கெடைக்கல. என் கல்யாணச் சேலையத்தேன் போத்தி அனுப்புனேன். பொம்பளைக சுடுகாட்டுக்குப் போறதில்லையே... அவகூடவே மண்ணுக்குள்ள இருக்குன்னு நெனச்சேன்."

கிளிப்பை முந்தியில் முடிந்துகொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தேன், தோல் எரியும்வரை.

அன்றே, மாலை

திம்மையாவிடம் கேட்டேன். "செத்தவுகளுக்கு எதுக்குப் பட்டு? மண்ணுல மக்குறது நம்ம வயித்துக்கு ஆகட்டுமே" என்கிறார். பிணத்தின் மேலிருந்து உருவியதைச் சுடுகாட்டில் குழி வெட்டுகிறவனிடம் வாங்கி, வெந்நீரில் அலசி, வெட்டுகிறாராம். வெற்றிலையை மென்றுகொண்டே சொல்கிறார். சீ!

இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

தெரியும். இவருக்கு முன்பே தெரியும்! தெரிந்துதான் என் கையில் கொடுத்தாரா? இந்தக் கையாலே எத்தனை நாள் சோறு பிசைந்தேன் – இவருக்கும் அதே கையால்தானே போட்டேன்? எப்படி விழுங்கினார்?

வீட்டில் பேசுவது தெலுங்கு, எழுதுவதுதான் தமிழ். இதைத் தெலுங்கில் நினைக்கவும் முடியவில்லை.

4-2-1946, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கோகிலாம்பாளிடம் உண்மையைச் சொன்னேன். "பேதியில போன பிள்ளையோடதையா எங்க பிள்ளைக தலையில வச்சீங்க?" என்று திட்டினார். என்னை வெளியே நிற்கவைத்துவிட்டு, பிள்ளைகள் தலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு சின்னப் பெண் தரமாட்டேன் என்று அழுதாள். டீச்சர் திட்டியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த அழுகைதான் தாங்கவில்லை.

5-2-1946

ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. திம்மையா என்னைத் தம் வீட்டை விட்டுப் போகச் சொன்னார். இவர் திண்ணையை விட்டு எழவில்லை. நான் மட்டும் கிளம்பினேன்.

6-2-1946

எம்.ரெட்டியபட்டி. ரோஜா நிறக் கிளிப்புகள் பதினொன்றையும் குருவம்மாள் முன்னால் வைத்தேன். இருவரும் உட்கார்ந்து தகரத்திலிருந்து பட்டைப் பிரித்தோம். பசை விடவில்லை; நகத்தால் சுரண்டினோம். அவள் அண்ணன் உக்கிரபாண்டி அதை எடுத்துப்போய்ப் பேச்சியின் குழிமேட்டில் புதைத்துவிட்டு வந்தார்.

"எங்க போவ? இங்கனயே இரு. காட்டுல பருத்தி வெடிச்சிருக்கு" என்றாள்.

21-2-1946

பருத்தி எடுக்கிறேன். இவர் நினைப்பு வந்தால் இன்னும் வேகமாகப் பறிக்கிறேன்.

9-3-1946, சனி

இவர் காட்டுக்கு வந்தார். அண்ணன் வீட்டை விட்டே வந்துவிட்டாராம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்களுக்கு நடுவில் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆம்பளைக்கு நெரை புடிச்சு வரிசையாப் பருத்தி எடுக்கத் தெரியுமா?" என்றாள் குருவம்மாள்.

இவர் அவளைக் கும்பிட்டார். பிறகு என்னிடம், "அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.

மனம் ஆறிவிட்டது என்று எழுதினால் பொய்.

என் நிரைக்கு அடுத்த நிரை காலியாக இருந்தது. கையால் காட்டினேன்.