நோட்டில் ஏறாத உங்கள் பெயர்

அக்கா,

நேற்று உங்கள் வீட்டுக்கு வருகிற வழியில், பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக் குழந்தை தன் செருப்புப் பட்டையைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டிக்கொண்டே இருந்தது. பர்ர்ர். பர்ர்ர். அதன் அம்மா இரண்டு தடவை கையைத் தட்டிவிட்டும் அது அடங்கவில்லை. பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையிலிருந்து உரிக்கும்போது கேட்குமே, அதே சத்தம். பன்னிரண்டு வருஷம் ஞாயிறுதோறும் நாம் கேட்ட சத்தம். கிழக்கேகோட்டைக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வெயிலில் நடந்தே வந்தேன்.

நீங்கள் போய் நாளையோடு ஒரு வருஷம். திதிக்காக உங்கள் மகள் குழந்தையோடு பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். "சித்தி, உங்களைத் தனியா ஒண்ணு பாக்கணும்" என்று போன் பண்ணியிருந்தாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். நடையை எவ்வளவு மெதுவாக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக்கினேன்.

சாலைக் கம்போளத்துக் கடைவீதிக்குள் நுழைந்ததும் மிளகாய் வற்றல் நெடி. இரும்புக் கடைக்கு மேலே நம் அறை. எட்டுப் பெண்கள், ஒரு பிரஷர் மிஷின், ஒரு எடை மிஷின். அவ்வளவுதான் நம் சங்கம். "ஆசுபத்திரி வாசல்ல ஆரஞ்சுப் பழம் குடுக்க ஆயிரம் பேரு உண்டு. ஆளு அங்க போய் விழாமப் பாத்துக்கிட யாரு உண்டு?" என்று நீங்கள் கேட்டுத் தொடங்கியது அது. நான் ஆபீசில் கிளார்க்காக இருந்தவள் என்பதால் நோட்டு என் கைக்கு வந்தது. பெயர், வயது, பிரஷர், யாரிடம் அனுப்பினோம் என்று நான்தான் எழுதுவேன்.

இந்த ஊரில் சுகாதார நோட்டீஸ் எல்லாம் மலையாளத்தில்தான் வரும். நம் சாலைப் பெண்கள் மலையாளம் பொரிந்து தள்ளுவார்கள், எழுத்து மட்டும் தெரியாது. நான் உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டு வந்தேன். முதல் வரியிலேயே 'உயர் இரத்த அழுத்தம்' என்று இருந்தது. நீங்கள் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, இது ஆருக்குப் புரியும்? பிரஷர்னு எழுது. அப்பளமும் ஊறுகாயும் கொறைன்னு எழுது. தீந்துது."

அரிசிக் கடை முதலாளிகளையே நீங்கள் விட்டுவைத்ததில்லை. "தராசு முள்ளு இம்புட்டு அசைஞ்சா பாக்கிய. ஒங்க ஒடம்பு இவ்வளவு அசையுது, பாக்க மாட்டியளா?" என்று கேட்டு, மூட்டை மேல் உட்கார வைத்தே பட்டையைச் சுற்றுவீர்கள்.

நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த முகாமிலும் முதல் கை உங்களுடையது. மிஷினைப் பார்த்து மிரளுகிறவர்களுக்கு முன்னால் முழங்கைக்கு மேல் புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, கையை நீட்டி, "பாருங்க, எறும்பு கடிச்ச வலி கூட இல்ல" என்று சிரிப்பீர்கள். அது காட்டுவதற்காக. நோட்டில் ஏறாது. அடுத்த ஆளிலிருந்துதான் நான் எழுதத் தொடங்குவேன். எட்டுப் பேரில் ஒருத்திக்குக்கூட அது தப்பென்று தோன்றவில்லை. இப்போது முகாம் தொடங்குமுன் நம் பெயர்களைத்தான் முதலில் எழுதுகிறோம். ஏழு பெயர்கள்.

முகாமுக்காகப் பொன்முடி மலைக்குப் போன அந்த ஞாயிறை நான் எத்தனை தடவை திரும்ப நடத்திப் பார்த்திருப்பேன், தெரியுமா? கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப நீங்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தீர்கள். எஸ்டேட் லயத்து வீடுகளின் முற்றத்தில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற பெண்கள் இருபது முப்பது பேர் தள்ளியே நின்றார்கள். மிஷினில் கூடுதல் என்று வந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஒருத்தியும் கிட்ட வரவில்லை.

நீங்கள் கையை நீட்டினீர்கள். நான் பட்டையைச் சுற்றினேன். மிஷின் மூச்சுவிட்டு அடங்கியதும் எண் வந்தது. மேலே நூற்றுத் தொண்ணூறு, கீழே நூற்றுப் பன்னிரண்டு. நான் அதைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். அடுத்த நொடி உங்கள் இடது உள்ளங்கை அந்த எண்ணை மூடிவிட்டது.

"வாயத் தொற," என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நார்மல்னு சொல்லு. இல்லேன்னா ஒருத்தி நிக்க மாட்டா."

நான் சொன்னேன். சத்தமாக, பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். "கண்டீங்களா, அக்காவுக்கு நார்மல்!"

அதன் பிறகு வரிசையில் வந்தார்கள். தங்கம் என்கிற பெண்ணுக்குத் தனக்குப் பிரஷர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மாதக்கணக்காகத் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள். மறுநாளே டாக்டரிடம் அனுப்பினோம். இன்றைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளுகிறாள். போன மாதம் பார்த்தபோது உங்களை விசாரித்தாள். நீங்கள் போனதை நான் சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்காவுக்கு நார்மல்னு சொன்னீங்களே," என்றாள். அக்கா, அவள் சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பாடான பிறகு உங்களை வலுக்கட்டாயமாக உட்கார வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். அதே எண். இறங்குகிற பஸ்ஸில் நான் கத்தாத குறை. வளைவில் தலை சுற்றியது, தூங்கவில்லை என்று என்னென்னவோ சொன்னீர்கள். கடைசியில்தான் உள்ளதைச் சொன்னீர்கள்.

"மகளுக்கு இப்ப ஏழாம் மாசம். ரெண்டு தடவ தவறிப்போன வயிறு, கேட்டியா. அனங்கவோ அசையவோ கூடாதுன்னு டாக்டர் படுக்க வச்சிருக்காரு. எனக்கு ஒண்ணுன்னு தெரிஞ்சா அந்தப் பிள்ள கெடந்து கலங்கும். நீ வராதேன்னு சொல்லும். பின்னே அவளுக்கு ஆரு உண்டு? பேறு கழியட்டும். கழிஞ்ச மறுநாளே நான் டாக்டர்ட்ட போறேன். ஆருட்டயும் இதப் பத்தி மிண்டக் கூடாது."

கிழக்கேகோட்டையில் இறங்கியதும் பழவங்காடிப் பிள்ளையார் இருக்கிற திசையைக் கைகாட்டி, "அவரு சாட்சி" என்று சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள். நானும் மண்டையை ஆட்டினேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம், அக்கா. போனவர்களைக் கோபிக்கக் கூடாது என்பார்கள், நான் கோபிப்பேன். ஒரு மாத்திரை. காலையில் ஒன்று. மகளுக்குத் தெரியவே வேண்டாம், பேறும் பார்த்திருக்கலாம். அத்தனை பேருக்கு ஓயாமல் சொன்ன பாடம், அன்றைக்கு அந்த பஸ்ஸில் நம் இரண்டு பேருக்கும் மறந்துபோனது. உங்களுக்குத்தான் பயத்தில் புத்தி கலங்கியது. எனக்கு என்ன கேடு? ஏன் நான் சொல்லவில்லை?

பெங்களூருக்குப் போய், பேத்தி பிறந்து, குளிப்பாட்டி, தொட்டிலிட்டு, எல்லாம் முடித்துவிட்டு வந்தீர்கள். வந்த அன்றே டாக்டரிடம் கூப்பிட்டேன். "நாளைக்குப் போலாம்ட்டி, துணி எல்லாம் அப்படியே கெடக்கு." மறுநாளும் நாளைக்கு. நாலாம் நாள் காலையில், கம்போளத்தில் சேனைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சாய்ந்தீர்கள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், ஒரு பலனும் இல்லை.

நேற்று உங்கள் மகள் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். குழந்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. அவள் மடியில், உங்கள் பீரோவில் கிடந்த நம் பழைய நோட்டுகள்.

"சித்தி, ஆசுபத்திரியில டாக்டர் கேட்டார், முன்னாடியே பிரஷர் உண்டோன்னு. நான் இல்லேன்னு சொன்னேன். ஊருக்கெல்லாம் பாத்தவளுக்கு அது தெரியாமப் போகுமா? எல்லா நோட்டும் பாத்தாச்சு. அம்மா பேரு ஒரு இடத்துலகூட இல்ல. அதெப்படி?"

இனியும் மறைக்கத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். முதல் கை உங்களுடையது என்பதை, அந்த எண்ணை, உங்கள் உள்ளங்கையை, என் வாயால் நான் சொன்ன 'நார்மல்' என்பதை. அவள் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறையவில்லை.

மடியிலிருந்த நோட்டை மூடிவிட்டு, "அப்போ அம்மாவுக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்."

அதுவரை, உங்களுக்கே தெரியாமல் வந்து விழுந்தது என்றுதான் அவள் மனசைத் தேற்றி வைத்திருந்திருக்கிறாள். அதையும் நான் பிடுங்கிவிட்டேன். அவள் முகத்தில் அது தெரிந்தது.

"தெரிஞ்சுமா டாக்டர்ட்ட போகல? ஏன் சித்தி? எதுக்காக?"

சொல்ல வாய் திறந்தேன், அக்கா. அப்போது குழந்தை கால் மடங்கி அவள் மேல் விழுந்து சிரித்தது. உங்கள் அதே கன்னக்குழி.

"பிடிவாதம்தான், மோளே. உங்கம்மை ஆரு சொன்னாக் கேட்டா? சோம்பல். நானும் விட்டுட்டேன்."

"ரெண்டு பேருமாச் சேந்து என் அம்மாவைக் கொன்னுட்டீங்க," என்றாள் அவள். அழுகையில் வார்த்தை குழறியது. இனி இந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்றாள். நாளைக்குத் திதிக்கு நான் வர மாட்டேன். என்னைத் தேடாதீர்கள்.

உங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டேன், பிடிவாதக்காரி ஆக்கிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். செருப்பை மாட்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் குழந்தையை அள்ளி மடியில் போட்டு, அதன் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு நாளும் வேறொன்று தோன்றக் கூடாது. நீங்கள் ஏன் டாக்டரிடம் போகவில்லை என்பது என்னோடு இருக்கட்டும், அக்கா.