மனுதாரருக்கு இல்லாத ஒப்பந்தம்

மார்ச் 4
புதுக் கோப்பு. பசை தயாரிக்கிறவர் ஒருவர் பக்கத்து நாட்டு அரசின் மேல் போட்ட வழக்கு. மரச்சாமான் ஒட்டுகிற பசை. சொந்த நாட்டில் சோதித்துச் சான்று வாங்கியிருக்கிறார்; எல்லையில், மறுபடி சோதிக்க வேண்டும் என்று லாரியை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டு நாடுகளும் கையெழுத்திட்ட உலக வர்த்தக ஒப்பந்தம், காரணமில்லாமல் இப்படி மறிக்கக் கூடாது என்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். அரசுக்குச் சாதகமாக ஒரு வரிகூட இல்லை. இதற்காகத்தானே பல நாடுகளுக்கும் பொதுவாக எங்கள் நீதிமன்றத்தை வைத்திருக்கிறார்கள்? நீதிபதியின் சட்ட உதவியாளராக, அவருக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 12
விசாரணை. அரசு வக்கீல் வாய் கூசாமல் சொன்னார்: “ஒப்பந்தம் போட்டது நாடுங்க. நடுவுல இவர் யாரு?” பசைக்காரர் தானே எழுந்துவிட்டார். “லாரியோட பத்தொன்பது நாள் எல்லையில கிடந்தவன்யா நான்!” உட்காரச் சொன்னார்கள்.

மார்ச் 20
நீதிபதி கூப்பிட்டார். என் குறிப்பு அவர் மேசைமேல்.
“நீ எழுதினது தப்பில்லம்மா. ஆனா இவருக்குக் கொடுத்தா, நாளைக்குக் கடை வச்சிருக்கிறவனெல்லாம் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான். மத்த நாட்டுக் கோர்ட்டுங்க இவங்களுக்குக் கதவைச் சாத்தி வச்சிருக்கு. நாம மட்டும் ஏன் திறக்கணும்?”
“அப்ப அந்த ஒப்பந்தம் எதுக்குங்கய்யா?”
“நாடுங்க பேசித் தீர்த்துக்கிறதுக்கு. நீயே மாத்தி எழுதிடு. உனக்குத்தான் நல்லா வரும்.”
நல்லா வருமாம்.

மார்ச் 21
ஒரு வரிகூட வரவில்லை. ஒன்றுமில்லாததற்கு மகளிடம் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 24
வந்துவிட்டது. பதினொரு வரி. ‘மறுசோதனைக்குக் காரணம் காட்டப்படவில்லை. ஒப்பந்தம் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். எனினும், மனுதாரர் தனிநபராதலால் அதன்கீழ் உரிமை கோர இயலாது...’ என்ன வழவழப்பு! எழுதும்போது சுகமாகக்கூட இருந்தது — இதை யாரிடம் போய்ச் சொல்ல?
வீட்டுக்காரரிடம் ஆள் பேர் சொல்லாமல் விளக்கினேன்.
“சட்டம் இருக்கு. அவருக்கு மட்டும் இல்ல. அதானே?”
“ஆமா.”
“இதுக்கு எதுக்கு பதினொரு வரி?” சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 9
தீர்ப்பு வாசித்தார்கள். மனு தள்ளுபடி. வெளியே நடையில் பசைக்காரர் என்னை மறித்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்திருக்கிறார்.
“அம்மா, காரணம் காட்டலன்னு அவங்களே படிச்சாங்களே? அப்ப நான் சொன்னது சரிதானே? என் வக்கீல் ஏன் பையைத் தூக்கிக்கிட்டுப் போறாரு?”
சொல்லியிருக்கலாம். உட்கார வைத்து ஐந்து நிமிஷம்... “அவரையே கேட்டுக்குங்க”ன்னுட்டு லிஃப்டுக்கு ஓடிட்டேன். சீ! என்ன பொம்பளை நான்?

ஜூன் 2
பதவி உயர்வு. நீதிபதி எழுந்து நின்று கை குலுக்கினார்.

செப்டம்பர் 17
சக்கர நாற்காலி செய்கிற ஒரு பெண்மணியின் மனு வந்தது. அவருடைய சரக்கையும் எல்லையில் மறித்திருக்கிறார்கள். நீதிபதி என்னைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தத்தை நான் பிரிக்கவும் இல்லை. அதே பதினொரு வரி; மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துக் கையெழுத்துக்கு அனுப்பியாயிற்று.