இருபத்தெட்டு அங்குலம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. மன்னித்துக்கொள் அண்ணா, இது உன் கொப்பி. பின்பக்கம் நாலு தாள் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை எங்காவது வைக்க வேண்டியிருக்கிறது. நீ இதைத் திறந்தும் மூன்று வாரமாகிறது.

முன்பக்கத்தில் உன் கையெழுத்து. ஏழு கம்பி எலக்ட்ரிக் கிட்டார், ‘எனக்கு வேண்டியது’:

– கம்பி நீளம், கழுத்தின் தலைமாட்டிலிருந்து உடம்பில் கம்பி முடியும் பிரிட்ஜ் வரை, 26½ அங்குலம். குறைந்தால் ஏழாவது கம்பி தொளதொளக்கும். கூடினால் விரல் எட்டாது.
– கழுத்து மூன்று துண்டு ஒட்டியது. ஒற்றை மரம் இந்தப் பனிக்கு முறுக்கிக்கொள்ளும்.
– ஆடாத பிரிட்ஜ்.
– உடம்பு மகோகனி. பாரம் குறைவு.
– கழுத்தின் முதுகில் வார்னிஷ் வேண்டவே வேண்டாம், கை ஒட்டும்.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

வகுப்புப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகள் 31, திருத்த வேண்டியவை. ஒன்றும் திருத்தவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. மழை விட்டு மூடுபனி. பீலியில், மலைத் தண்ணீர் விழும் குழாயடியில், கூட்டம். அடுத்த லயத்து வீட்டு வரிசை முருகேசு:

“என்னா டீச்சர், அண்ணன் இனி மூணு கம்பிதான் வாசிப்பாராமே?”

இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா வாளியால் அவனை இடித்தாள். “தண்ணி வருதுல்ல, மொதல்ல வாயக் கழுவுடா.”

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வாளி நிறையுமுன்பே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் முன்பு, அண்ணன் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர். இடது கை. மோதிர விரல், சுண்டு விரல், இரண்டும் அடியோடு. கம்பியை அழுத்துகிற கை.

பகலில் அண்ணன் பழைய ஆறு கம்பிக் கிட்டாரிலிருந்து கம்பிகளைக் கழற்றிச் சுருட்டினான். ஒற்றைக் கையால், பல்லால் பிடித்து. அம்மா கேட்டார்: “இத கோழிக்கூட்டுக் கதவுக்குக் கட்டவா?”

“கட்டுங்க.”

கட்டிவிட்டார்.

ஜூன் 11, புதன்

குளிர். சளி. பாடசாலை இடைவேளையில் கம்பளை ரியாஸ் நானாவிடமிருந்து வட்ஸ்அப்பில் படம். கிட்டார் செய்கிறவர்; முஸ்லிம் அண்ணன்மாரை ‘நானா’ என்போம். சித்திரையில், விபத்துக்கு முன், அண்ணனுக்குத் தெரியாமல் நான்தான் அந்த ஏழு கம்பிக் கிட்டாருக்கு அளவு எழுதி அனுப்பினேன். கழுத்து முடிந்துவிட்டதாம். அழகாக இருக்கிறது. முதுகில் வார்னிஷ் இல்லை.

கீழே அளவு: 28.

கழிப்பறைப் பக்கம் போய் நின்று பேசினேன்.

“நானா, இருபத்தாறரைதானே வேணும்?”

“தங்கச்சி, நீங்க எழுதினது இருபத்தெட்டு. நான் வெட்டினதும் இருபத்தெட்டு. விரல் வைக்கிற பிரெட் கோடு வெட்டினா வெட்டினதுதான், இனி மாத்த ஏலா.”

பழைய செய்தியைத் தேடிப் பார்த்தேன். உண்மை. 28 என்று நானே எழுதியிருக்கிறேன்.

ஏன் எழுதினேன் என்று தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எப்போதும் கழிப்பார்கள். அம்மா கழிவுக்கும் சேர்த்துத்தான் பறிப்பார். எங்கள் வீட்டில் எந்த அளவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம், கேட்கிறவர் குறைப்பார் என்று. சொன்னதை அப்படியே வெட்டுகிற ஓர் ஆள் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் கேட்கவும் கூச்சம்.

நாலு விரலுக்கே எட்டாத கழுத்து. இரண்டு விரலுக்கு?

ஜூன் 12, வியாழன்

மழை. தலவாக்கலை பஸ் முக்கால் மணி நேரம் தாமதம்.

அம்மாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். “ஏன்டி, அவரு என்னா தராசா புடிக்கிறாரு, நீ கூட்டிச் சொல்ல?” பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

சாப்பிடும்போது அண்ணனிடம் அம்மாவே உளறிவிட்டார்.

“கிட்டாரா? யாருக்கு?”

“ஒனக்குத்தான்டா. தங்கச்சி சொல்லி வச்சிருக்கா.”

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான். “வேற யாருக்காச்சும் குடுத்துரச் சொல்லுங்க.” சோறு பிசைந்தான். பிசைந்தபடியே, “எத்தன அங்குலம்?”

“இருபத்தெட்டு,” என்றேன்.

“பேய்க்குத்தான் வெரல் எட்டும்.”

சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அதோடு எழுந்து போய்விட்டான். தட்டில் பாதிச் சோறு.

சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி அக்கா: “முந்தி சத்தம் தாங்காம செவுத்துல தட்டுவேன். இப்ப எதுக்குத் தட்டுறது?”

ஜூன் 13, வெள்ளி

நானாவே அழைத்தார். “கழுத்த புதுசா செய்றேன். நானும் ஒரு வார்த்த கேட்டீக்கணும்.”

வேண்டாம் நானா என்றேன். ஏன் என்றார். அப்போதுதான் விரல்களைப் பற்றி முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் ரம்பச் சத்தம் நின்றது.

“அந்தக் கையில பெருவெரலும் சுட்டுவெரலும் ஈக்குதா?”

“இருக்கு.”

“கம்பிய மீட்டுற பிக் புடிக்க அது ரெண்டும் போதும். உடம்பு இன்னும் வெட்டல்ல. திருப்பிச் செய்வோம், இடக்கைக்காரங்க வாசிக்கிற மாதிரி. வலது கை கம்பிய அழுத்தட்டும். லேசுன்னு சொல்ல மாட்டேன். மொதல்ல இருந்து படிக்கணும்.”

“சரி நானா.”

“நீளத்த இருபத்தஞ்சரைக்குக் கொறைக்கலாம், ஏழாவது கம்பிய தடிப்பாப் போட்டுட்டு. ஆனா வலது கை அளவு வேணும், விரிச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள அனுப்புங்க. இந்தத் தடவ கூட்டாதீங்க.”

ஜூன் 14, சனி

மழை இல்லை. வெயிலும் இல்லை.

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று தடவை உள்அறை வாசல் வரை போனேன். அண்ணன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். முதல் தடவை “என்னா?” என்றான். “ஒண்ணுமில்ல,” என்றேன். மற்ற இரண்டு தடவையும் அவன் கேட்கவில்லை.

பதினொரு வருடம் இடது கை படித்ததை வலது கை எப்போது படிக்கும்? எனக்கே நம்பிக்கையில்லை. நம்பிக்கையில்லாமல் ஒருவனிடம் கையை நீட்டச் சொல்வது பாவம் போல இருக்கிறது. அளந்துவிட்டு, அவன் ஒருநாளும் தொடாமல் போனால், அந்த அளவும் என்னால்தான்.

ஆனால் நாளை ஞாயிறு. வாயால் கேட்க எனக்கு வராது. கொப்பியை இந்தப் பக்கம் திறந்தபடி உன் தலைமாட்டில் வைக்கப் போகிறேன், டேப்பையும் சேர்த்து.

அண்ணா, வலது கையை ஒரே ஒரு தடவை விரித்து வை. நான் ஒன்றும் பேச மாட்டேன். அளக்க மட்டும் விடு.