இடப்பக்கம் நின்றவள்

ஆகஸ்ட் 24

தரங்கம்பாடியில் அம்மா பரணை ஒழிக்கிறாள். உன் டப்பாவை எடுத்துக்கொண்டு போ, இல்லையென்றால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவேன் என்று போனில் மிரட்டல். டப்பா என்றால் என் பிளேஸ்டேஷன். காலேஜ் படிக்கும்போது அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. இங்கே பூதலூர் வீடு வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். டிஸ்க் பையில் எனக்குப் பிடித்த சால்ட் ஹவுஸ் கேமும் இருந்தது! பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற நாற்பது வயதுக்காரி பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரர் கிளாட்சன்தான் டிவியில் ஒயர் மாட்டிக் கொடுத்தார். இதில் அறுப்பு மெஷின் ஓட்டுகிற கேம் இருக்கிறதா என்று கேட்டார். வயலில் நாளெல்லாம் ஓட்டுவது போதாது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 31

சால்ட் ஹவுஸ் வந்த காலத்தில் அதை ஒருத்தரும் மதிக்கவில்லை. மூடிக்கிடக்கும் உப்புத் தொழிற்சாலையில் ஒருத்தி தொலைந்துபோன தங்கையைத் தேடுகிறாள். துப்பாக்கி கிடையாது. கையில் ஒரு அரிக்கேன் விளக்கு, அவ்வளவுதான். வெளிச்சம் முன்னால் மட்டும் விழும். வருவதெல்லாம் பக்கவாட்டிலிருந்து வரும், ஈரக்கால் சத்தத்தோடு. ஒரே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று எழுதி ஒதுக்கிவிட்டார்கள். மடையர்கள். எல்லாம் தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன பயம்?

கிளாட்சனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலையே ஷீபா" என்று இடது ஓரத்தைக் காட்டினார்.

"கேமே அப்படித்தாங்க. சும்மா பாருங்க" என்றேன்.

சும்மா பார்த்தார்.

செப்டம்பர் 8

பழைய கேம் ரசிகர்களின் குழுவில் சால்ட் ஹவுஸைப் பற்றி நீளமாக எழுதிப் போட்டேன். எத்தனை வருஷத்து ஆதங்கம்! இருட்டை இவ்வளவு துணிச்சலாக வைத்த கேம் வேறு இல்லை என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி: ‘என் வீட்டுக்காரருக்குத் திரையில் பாதி தெரிவதே இல்லை. அதுதான் இதன் வெற்றி.’ அந்த வரிக்குத்தான் எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 22

அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுவார்கள். எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். ஏலத்தில் பூசணிக்காயின் விலையை இவர் ஏற்றிக்கொண்டே போனபோது, கேட்காதீர்கள் என்று இந்தப் பக்கமிருந்து கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். மனுஷன் திரும்பினால்தானே. அந்தப் பூசணிக்காயை அருள்ஜோதி டீச்சர் எடுத்தார். வெளியே வரும்போது இவர் டீச்சர் மேலேயே போய் இடித்ததில், காய் விழுந்து படியில் உடைந்தது. எனக்கு மானம் போயிற்று. கண்ணைப் பிடரியிலா வைத்திருக்கிறீர்கள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 5

குறுவை அறுப்பு. வைத்தியலிங்கம் ஐயா போன் செய்தார். இடது வரப்பை ஒட்டி நீளத்துக்கும் ஒரு வரிசை அறுக்காமல் நிற்கிறதாம், ஆள் விட்டு அறுத்தாராம். அவர் வயலை இவர்தான் வருஷா வருஷம் அறுக்கிறார், இப்படி ஆனதே இல்லை. தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று இவர் சமாளித்தார். உப்புப் பேய் மறைத்திருக்கும் என்று கேலி செய்தேன்.

அக்டோபர் 20

எழுதவே மனம் வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் கடைசிக் கட்டம். முழு கேமிலும் பகல் வருவது அங்கே மட்டும்தான். பாதியில் விட்டுப் போனவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. தொழிற்சாலைக் கதவு திறக்கும், வெயில், வேதாரண்யம் மாதிரி வெள்ளை வெளேரென்று உப்பளம். டிவியில் ஒரு பொட்டு இருட்டு கிடையாது. இடப்பக்கம் உப்புக் குவியலுக்கு முன்னால் சிவப்புக் கவுனில் தங்கை நின்றுகொண்டு கையசைப்பாள். நாம் எந்தப் பட்டனையும் அமுக்க வேண்டாம். அக்கா தானாக நடந்து போவாள். இவருக்கு எப்படி இருக்கிறதென்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. "ஏன் ஷீபா, கடைசி வரைக்கும் தங்கச்சி வரவே இல்லையா?"

சிரித்தேன். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். "இதோ நிக்கிறாளே, சிவப்பு கவுன்."

முகத்தை முழுசாகத் திருப்பினார். "அட, ஆமா. எப்ப வந்தா?"

முதலிலிருந்தே அங்கேதான் நின்றாள்.

நேராக டிவியைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவருடைய இடப்பக்கம் போய்க் கையை அசைத்தேன். பார்க்கவில்லை. இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். பார்க்கவில்லை. பூசணிக்காய். அறுக்காத வரிசை. ஐயோ, என் ஏசுவே.

அக்டோபர் 22

தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். வலி இருக்காதாம், ஓரத்திலிருந்து பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டு வருமாம். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் ஓரம் தொட்டிருக்கிறது.

டாக்டரம்மா நல்லவர். "போனது திரும்ப வராதும்மா. இருக்கிறதக் காப்பாத்தலாம்" என்றார். ஆகஸ்டிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். இந்த இடைவெளியில் எவ்வளவு போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். கொஞ்சமாக இருக்கலாமாம்.

இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மெஷின் ஓட்டக்கூடாது. பைக்கும் கூடாது.

அக்டோபர் 23

குழுவில் அந்த வரியை அழித்துவிட்டேன். ஒருவர் ஏன் எடுத்தீர்கள், அதுதானே அழகான வரி என்று கேட்டிருக்கிறார்.

அக்டோபர் 27

சாப்பிடும்போது, என் மேல் கோபமாவது படுங்களேன் என்று இவரிடம் கேட்டுவிட்டேன். ரசத்தில் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"வயல்லயும் அப்படித்தான் இருந்துச்சு ஷீபா. உள்ளுக்குள்ள பயம். கேமே அப்படித்தான்னு நீ சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

இதற்கு அவர் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். இடப்பக்கம் தெரியவில்லை என்று அவர் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். நான் காதில் வாங்கினேனா? எனக்கு அந்தக் கேம் ஜெயிக்க வேண்டியிருந்தது. ஊரே ஒதுக்கியதை ஒரு ஆளாவது என்னைப்போல ரசிக்க வேண்டும் என்ற வெறி. பக்கத்தில் இருந்தவருக்கு என்ன தெரிகிறதென்று பார்க்கவில்லை. பாவி நான்.

நவம்பர் 16

மெஷின் ஓட்ட குணசேகரன் என்பவரை ஏற்பாடு செய்திருக்கிறார். சம்பா அறுப்புக்கு அவர் ஓட்டுவார். இவர் சாவியைக் கொடுத்துவிட்டு, கிளட்ச் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பார்த்துக்கோங்க என்று மட்டும் சொன்னார். பிறகு கொல்லைப்பக்கம் போய் நின்றார். கூப்பிடவில்லை நான்.

நவம்பர் 24

காலையும் மாலையும் கண்ணுக்கு மருந்து விடுகிறேன். அழுத்தம் குறைந்திருக்கிறதாம்.

டிசம்பர் 1

விடாத மழை. அந்தக் கேமைப் போடு என்றார். மாட்டேன் என்றேன். இன்னொரு தடவை அந்த முடிவைப் பார்க்கணும் என்றார். போட்டேன். வெயில் வந்தவுடன் தலையைத் திருப்பி, பெயர்கள் ஓடி முடியும்வரை அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கேம் என்றார். இதைக் கேட்கத்தானே இத்தனை ஆசைப்பட்டேன். ஒரு சந்தோஷமும் இல்லை.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ் ஆராதனை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம்போல அவர் வலப்பக்கம் போனார், நான் இடப்பக்கம் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் அவருடைய இடது கைப்பக்கம் காலியாக இருக்கிறது. ஒரு குழந்தை அந்தப் பக்கமாக ஓடியது, அவர் அசையவில்லை.

எழுந்தேன். நடுப்பாதையைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனேன். அருள்ஜோதி டீச்சர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். போதகர் பாட்டு எண்ணைச் சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டார். பார்க்கட்டும். அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்து, முழங்கையால் அவர் முழங்கையைத் தொட்டேன்.

அவர் திரும்பவில்லை. நேராகப் பார்த்தபடியே, "வந்துட்டியா" என்றார்.