பொழிச்சலூர்க்காரர் வாங்கிப்போன ஃபைல்

செம்பாக்கம்
சனிக்கிழமை காலை

அன்பு மகள் ஜான்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரிலும் நைட் டியூட்டியிலும் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்றுதான் எங்கள் ஜெபம். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் என்றால் என் முகத்தைப் பார்த்ததும் என்னம்மா என்பாய், நான் ஒன்றுமில்லை என்று மழுப்பிவிடுவேன், ஒன்பது நாளாக அப்படித்தான் மழுப்பிக்கொண்டிருக்கிறேன். காகிதம் குறுக்கே பேசாது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சுகர் இறங்கவில்லை, மாடம்பாக்கத்தில் உன் சித்தி புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று என் கண்ணெதிரே மூன்று ஜாங்கிரி உள்ளே போனது, கேட்டால் இன்னா இப்போ, ஒரு நாள்தானே என்கிறார். எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. நேற்று குக்கரில் அரிசி போடாமல் வெறும் தண்ணீரை வைத்து நாலு விசில் விட்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பீரோவில், உன்னைப் படிக்கவைத்த டிரஸ்டின் பிள்ளைகள் ஐந்து பேருடைய சர்ட்டிபிகேட் ஃபைல்கள் இருக்கிறதல்லவா. அந்த டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை பிள்ளைகளுடைய மார்க் ஷீட் ஊறிக் கூழாகிப் போனது, அதற்குப் பிறகு டிரஸ்டில் படித்து வெளியே வந்த நீங்களே கூடிப் பேசி, அவரவர் ஒரிஜினலை அவரவர் வீட்டில் வைக்காமல் இன்னொருத்தர் வீட்டில், மேட்டில் இருக்கிற வீட்டில் வைப்பது என்று முடிவு செய்தீர்கள். நம்முடையது மாடி வீடு என்பதால் ஐந்து நமக்கு வந்தது. உரியவர் கையில் தவிர வேறு யார் வந்து கேட்டாலும், அப்பனே ஆனாலும் ஆத்தாளே ஆனாலும் கொடுக்கக் கூடாது என்று நீதான் எனக்கு நாலு தரம் படித்துப் படித்துச் சொன்னாய். அந்த ஐந்தில் ஒன்று சத்யபிரியாவுடையது, அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்த செய்தி உனக்குத் தெரியும். ஒரிஜினலோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். போன வாரம் வியாழக்கிழமை பொழிச்சலூரிலிருந்து அவள் அப்பா தேவானந்தம், அதுதான் பம்மல் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாரே, அவர் வந்து ஃபைலைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சத்யபிரியா வந்து ஃபைலைக் கேட்டாள். நீதான் அனுப்பினாய் என்று சொல்லி உன் அப்பா வாங்கிப்போனாரே என்றேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாயில்லாத பெண், அப்பா வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒரு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு போன்தான் போட்டாள், ஒரு மணி நேரத்தில் உங்கள் டிரஸ்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜெபின் ஏர்போர்ட் வேலையில் பாதியில் பர்மிஷன் போட்டு யூனிஃபார்மோடு வந்தான், பிரசன்னா வந்தான். சினேகா வந்து அவளைத் தாம்பரத்தில் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டாள். ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்க மேல தப்பில்ல மேரிம்மா, அந்தாளு ஏமாத்திட்டாரு, நீங்க இன்னா பண்ணுவீங்க என்று ஜெபின் எனக்கே ஆறுதல் சொன்னான்.

பிரசன்னாவும் அவனும் அன்று சாயங்காலமே பொழிச்சலூர் போய், நான் சொன்னதைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர் சண்டை போடவில்லையாம், டிரங்குப் பெட்டியைத் திறந்து ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டாராம், ஒரு தாள்கூடக் கசங்கவில்லை. ஆமாம்பா, பொண்ணு அனுப்புச்சின்னு பொய் சொல்லித்தான் வாங்கினேன், அந்தம்மா மேல ஒண்ணுமில்ல என்றாராம். ஃபைல் கிடைத்துவிட்டது, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. ஜெபின் தன் சூட்கேஸைக் கொடுத்துவிட்டான். பிரசன்னா லீவு போட்டுப் புனே வரை கூடப் போய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வரப்போகிறான். நாளைக் காலை ரயில். ஆனால் சத்யபிரியா அப்பாவைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். திருடிகினு போன மனுசன் மூஞ்சில முழிக்க மாட்டேன், இனிமே அந்த வூட்டுப் படி ஏறமாட்டேன் என்று சினேகாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜான்சி, அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான். அன்றைக்கு அவர் வந்து வாசலிலேயே நின்று, அவ அனுப்பல யக்கா, நானாத்தான் வந்தேன், மனசு கேக்கல, குடுத்துடு, நீங்க ரெண்டு பேரும் பொண்ண அனுப்பிட்டுத் தனியா நிக்கிறத நான் பாத்துகினுதானே கீறேன் என்றார். எல்லாம் தெரிந்துதான் பீரோவைத் திறந்தேன். நீ போன பிறகு மூன்று கிறிஸ்துமஸ் நானும் அப்பாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கழித்தோம், இன்னொரு வீடு இப்படி ஆக வேண்டாம் என்று நினைத்தேன். அதுகூடப் பாதிதான் உண்மை. உன்மேல் எனக்கு இருந்த கோபத்தை அந்தப் பெண்மேல் காட்டிவிட்டேன். உன்னைத் தடுக்க எனக்கு அன்றைக்குத் துணிவு வரவில்லை, அவளைத் தடுக்க வந்தது. அப்புறம் அவள் உட்கார்ந்து அழுததும் பயந்து போய்ப் பழியைத் தூக்கி அவர்மேல் போட்டேன், பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டின கதைதான். அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

இந்தக் கடிதத்தைப் போஸ்டாபீஸில் கொடுத்துவிட்டு நேராகச் சினேகா வீட்டுக்குப் போகிறேன். உனக்கு எழுதி அனுப்பிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் முதலில் உனக்கு. நாளை ரயிலுக்கு முன்னால் அவள் உண்மையைக் கேட்டாக வேண்டும். அப்பாவைப் பார்ப்பதும் பார்க்காததும் அவள் இஷ்டம். அதற்குப் பிறகு எல்லாரும் வந்து அவரவர் ஃபைலை எடுத்துக்கொண்டு போனால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன், நீயும் எனக்காக யாரிடமும் பரிந்து பேசாதே. கடிதம் உன் கையில் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, காலில் சாக்ஸ் இல்லாமல் தரையில் நடக்காதே, அப்பாவிடம் ஜாங்கிரி விஷயத்தை நான் சொன்னதாகச் சொல்லாதே.

மறக்காமல் ஒன்று. நீ அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட வேண்டும் என்று, பிரசன்னா வீட்டில் இருக்கிற உன் ஃபைலை வாங்கி நம் பீரோவில் வைக்கச் சொல்லிப் போன வாரம் கேட்டாயே. அதை நான் வாங்க மாட்டேன். வேண்டியதைப் பிரசன்னாவையே படம் எடுத்து அனுப்பச் சொல். என் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லாதே கண்ணு.

இப்படிக்கு
உன் அம்மா
அருள்மேரி