ஆறு கிடங்குகளின் கூட்டு

என்னங்க, மூச்சிரைப்பு குறைந்ததா? எனக்கு முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி சுகம்.

பேத்திக்குச் சமைத்துப்போட வந்த இடத்தில் அவள் வேலையும் கொஞ்சம் புரிந்தது. பதினொரு மருந்துக் கிடங்குகள் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்து வைத்திருக்கின்றன. பிளாக்செயின் என்கிறாள். தனியாளாக யாரும் திருத்த முடியாது. ஆனால் பாதிக்கு மேல், அதாவது ஆறு பேர் கூட்டுச் சேர்ந்தால் பொய்யும் பதிவாகிவிடும். யார் யார் சொல்லிவைத்தாற்போல் தலையாட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க, நம் பிள்ளை கம்ப்யூட்டருக்கே பாடம் நடத்தியிருக்கிறாள்! அது ஆறு கிடங்குகளைக் காட்டிவிட்டது. காலாவதியான மருந்துக்குப் புதுத் தேதி போட்டிருக்கிறார்கள்.

இதை அவள் அறிக்கையாகக் கொடுத்தால், அதை ஏற்பதா என்று ஓட்டுப் போடுவதும், அவளுக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே பதினொரு பேர்தானாம்.

“அந்த ஆறு பேரே அமுக்கிடுவாங்க பாட்டி. நேரா மருந்து அதிகாரிக்கு அனுப்பினா என் வேலை போயிடும்” என்று அழுதாள்.

“யாரு பெத்த பிள்ளையோ அந்த மாத்திரையை முழுங்கும்டி, அனுப்பு” என்றேன். காலையில் அனுப்பிவிட்டாள். அதிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். கூடவே அவளுக்கு உங்கள் கையெழுத்தில் நாலு வரி வையுங்கள். அவளிடம் வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். அனுப்பச் சொன்னது நான்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் எழுவதற்குள் நானே போய்த் திறக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி